கிழித்த பக்கம் யாரிடம் போனது

அந்தப் பக்கத்தைக் கிழித்தது நீங்கள்தான், அதிபர் அவர்களே. நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

யுத்தம் முடிந்து சில வருடங்கள். கற்பிட்டிப் பக்கம் நீங்கள் அதிபராக இருந்த பாடசாலையில் பதினோராம் தரத்துக்கு வரலாறு படிப்பித்தேன். பிரெஞ்சுப் புரட்சி நினைத்ததைச் சாதித்ததா என்று பிள்ளைகளே தீர்மானிக்க வேண்டும். கரும்பலகையில் மூன்று கட்டம் கீறினேன்: சொன்னது, நடந்தது, சாட்சி.

"ராஜாட தலைய வெட்டின பொறகு பாண் வெல கொறஞ்சிச்சா டீச்சர்?" என்றான் பேக்கரிக்காரரின் மகன்.

"எந்தப் புரட்சி வந்தாலும் ஒங்கட வாப்பாட கடையில கொறையாது" என்றாள் பின்வரிசை வாங்கில் ஒருத்தி. வகுப்பே சிரித்தது.

அந்தச் சிரிப்பில்தான் பிழை விட்டேன். உங்களுக்குத் தெரிந்த ஒரு போராட்டத்தையும் இதே கட்டத்தில் எழுதி வாருங்கள் என்றேன்.

யுத்த காலத்தில் மன்னாரிலிருந்து இயக்கம் விரட்டிய முஸ்லிம் குடும்பத்துப் பிள்ளை ஒருத்தி இருந்தாள். அவள் எழுதியது இன்றும் மனப்பாடம். சொன்னது: எல்லாருக்கும் விடுதலை. நடந்தது: எங்களைத் துப்பாக்கி காட்டி அனுப்பினார்கள். சாட்சி: உம்மா.

கீழே இன்னொன்று. சொன்னது: யுத்தம் முடிந்தது, ஊருக்குப் போகலாம். நடந்தது: எங்கள் காணியைச் சுற்றி இராணுவ முள்கம்பி. சாட்சி: வாப்பா.

கொப்பி பார்க்க வந்த நீங்கள் இரண்டாவதில் நின்றீர்கள்.

"வரலாறு படிப்பிக்கச் சொன்னா அரசியலா கதைக்கிறீங்க? இந்தப் புள்ளட வீட்டுக்கு ஆள் வந்தா நீங்களா போய் நிப்பீங்க?"

"ஓம் சேர், நிப்பேன்."

பொய். நீங்கள் பக்கத்தைக் கிழித்து, மடித்து, சட்டைப்பையில் வைத்தீர்கள்.

அடுத்த கிழமை அவளுடைய வாப்பா பாடசாலை வாசலுக்கு வந்தார். "மோட்டார் சைக்கிள்ல ரெண்டு பேர் வந்தாங்க டீச்சர். காணியப் பத்தி எழுதின புள்ள எதுண்டு கேட்டாங்க. இவ என்னத்த எழுதினா?"

மணி அடித்துவிட்டது என்று வகுப்புக்குள் போய்விட்டேன். அவர் வீட்டில் போய் நிற்கவும் இல்லை. வெளியே மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் பாடத்தை நிறுத்திவிட்டு யன்னலைப் பார்த்தேன். அவளும் பார்த்தாள். பிறகு அவள் கரும்பலகையில் இருப்பதை மட்டும்தான் எழுதினாள். சாட்சிக் கட்டத்தை வெறுமையாக விட்டாள்.

பயத்தில் கிழித்தேன் என்று சொல்லாதீர்கள். பயந்தவர் அடுப்பில் போட்டிருப்பார்.

ஓய்வு பெற்றாலும் பாடசாலைக் கூட்டங்களில் முன்வரிசைக் கதிரை உங்களுக்குத்தான். அடுத்த கூட்டத்தில் எழும்பி நில்லுங்கள். அவளுடைய வாப்பாவும் வருவார். அந்தப் பக்கத்தை யாரிடம் கொடுத்தீர்கள்? எல்லாருக்கும் கேட்கும்படி சொல்லுங்கள்.