முதலில் நுழைந்தவனே தலைவன்

இணையத்தில் எங்கள் தமிழ் நண்பர் குழு உடனுக்குடன் பேசிக்கொள்ள, பிரிக்பீல்ட்ஸ் சைபர் கபேயில் உட்கார்ந்து நான்தான் ஓர் அரட்டை அறையைத் தேர்ந்தெடுத்தேன். இலவசம் என்பதைப் பார்த்தேன். அறை காலியானால் அடுத்து முதலில் நுழைபவரே தலைவர், அவர் யாரையும் வெளியேற்றலாம் என்ற விதியைக் கவனிக்கவில்லை. எங்கள் குழுவில் இருந்த பண்டமாரான் ஊர் குணா, விடிகாலையிலேயே காலி அறைக்குள் நுழைந்து, மாலையில் வந்த என்னை வெளியே தள்ளிவிட்டான்.

"இனிமே நான்தான் பாஸ் லா, அக்கா!" என்று போனில் சிரித்தான்.

நான் சண்டை போடவில்லை. பாஸ்வர்ட் உள்ள வேறு அறையைத் திறந்து, தைப்பூசத்தன்று பத்துமலையில் கூடிய நண்பர்கள் ஒவ்வொருவர் காதிலும் அந்தப் பாஸ்வர்டைச் சொன்னேன், குணாவைத் தவிர.

மறுவாரமே போன். "அக்கா, ரூம்ல யாருமே இல்லையே?"

"நீ இருக்கியே, பாஸ்!"

இப்போதெல்லாம் எந்த அறையில் சேர்வதென்றாலும், என்னை யார் வெளியேற்ற முடியும் என்பதைத்தான் முதலில் விசாரிக்கிறேன். பழைய அறை குணாவுக்கே. ஆசை தீர ஆளட்டும்.