விட்டுப்போன வாரம்

என் கணவர் நல்ல மனிதர்தான். ஆனால் புத்தகம் என்று பேச்சு வந்துவிட்டால் அவரோடு மாரடிக்க முடியாது. சிங்காநல்லூரில் பம்ப்செட் செய்யும் ஒரு பட்டறையில் சூப்பர்வைசராக இருந்தார். பகலெல்லாம் இரும்போடு மல்லுக்கட்டிவிட்டு வீட்டுக்கு வந்தால், தலையணை தடிமனில் ஒரு மொழிபெயர்ப்பு நாவலைக் கையில் எடுத்துக்கொள்வார். நான் படித்ததெல்லாம் குடும்ப நாவல்களும் வார இதழ்த் தொடர்கதைகளும்தான். ஒரு தொடர் முடிந்ததும் அதன் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்து வைத்துக்கொள்வேன். என் அலமாரித் தட்டுக்கு அவர் வைத்த பெயர் ‘கண்ணீர் குடோன்’.

தொண்ணூறுகளின் கடைசியில் எங்கள் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு பிரௌசிங் சென்டர் திறந்தார்கள். மின்னஞ்சல் வழியாகப் புத்தகங்களைப் பற்றிப் பேசிக்கொள்ளும் ஒரு தமிழ் வாசகர் குழுவில் இவர் சேர்ந்தார். உலகத்தின் ஏதேதோ மூலைகளில் இருந்தவர்கள் ஆங்கில எழுத்தில் தமிழை அடித்துச் சண்டை போட்டுக்கொள்வார்கள். இவருக்குச் சொல்ல நிறைய இருந்தது. ஆனால் ஒற்றை விரலால் எழுத்தைத் தேடித் தேடி அடிப்பதற்குள் ஒரு மணி நேரக் காசு போய்விடும். நான் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்தவள். அதனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு நாற்காலி போட்டு உட்காருவோம். அவர் சொல்லச் சொல்ல நான் அடிப்பேன். கீழே அவர் பெயர் போகும். அதில் எனக்கு ஒரு வருத்தமும் இருந்ததில்லை. கருத்து அவருடையது, விரல்தானே என்னுடையது.

குழுவை நடத்தியவர் குளிர்தேசத்தில் இருந்த ஒரு டாக்டரம்மா. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் எல்லோருக்கும் ஒரு சவால் விட்டிருந்தார். அவரவர் ஒதுக்கிவைத்த வகைப் புத்தகம் ஒன்றை இந்த மாதம் முழுசாகப் படித்து, அதைப் பற்றி எழுத வேண்டும். எதைப் படிக்கப் போகிறீர்கள் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

இவர் உற்சாகமாக ஆரம்பித்தார். “என் மனைவி பைண்டு செய்து வைத்திருக்கும் தொடர்கதைகளில் ஒன்றைப் படிக்கிறேன். பஜ்ஜியில் எண்ணெய் ஒற்றுவதற்கு மட்டும் பயன்படுகிற காகிதம் அது என்பது என் இதுவரையிலான எண்ணம்.”

நான் கையை எடுத்துவிட்டேன்.

“ஏன் அம்மணி, நிறுத்திப்போட்டே?”

“இதை நான் அடிக்க மாட்டனுங்க. வேணும்னா நீங்களே அடிச்சுக்குங்க.”

அவரும் சளைக்கவில்லை. கீபோர்டைத் தன் பக்கம் இழுத்து ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடித்தார். பஜ்ஜியைத் தாண்டுவதற்குள் சென்டர்காரர் வந்து, “டைம் முடிஞ்சு போச்சுங்க” என்றார். சிரித்துக்கொண்டேதான் வீட்டுக்கு வந்தோம். ஆனால் எனக்கு உள்ளுக்குள் பயம் பிடித்துக்கொண்டது. எனக்குப் பிடித்த ஒரு சினிமாப் பாட்டை இவர் ஒருமுறை மூக்கால் பாடிக் காட்டிக் கிண்டல் செய்தார். அன்றோடு அந்தப் பாட்டு எனக்குப் போயிற்று. எங்கே கேட்டாலும் அந்த மூக்குதான் ஞாபகம் வரும். அதே மாதிரி இந்தக் கதையும் போய்விட்டால் என்ன செய்வது?

அப்படிப் பயந்தவள் ஏதாவது சுமாரான தொடரைக் கொடுத்துத் தப்பித்திருக்கலாம். ஏனோ எனக்கு ரோஷம் வந்துவிட்டது. இருப்பதிலேயே நான் அதிகம் படித்த தொடரை எடுத்துக் கொடுத்தேன். மாமியார் வீட்டில் வாயே திறக்காத ஒரு பெண், கடைசியில் வீட்டை விட்டு வெளியேறி வேலைக்குப் போகிற கதை. “அப்ப உங்களுது ஒண்ணு எனக்குக் குடுங்க. நானும் படிக்கிறேன்” என்றேன்.

அவர் கொடுத்த நாவலில் முதல் பக்கத்திலிருந்தே பனி கொட்டியது. ஒரே ஆளுக்கு மூன்று பெயர். யார் யாருக்குத் தம்பி என்று பிடிபடுவதற்குள் எனக்கு எரிச்சல் வந்து, புத்தகத்தைக் குப்புறப் போட்டுவிட்டுத் துணி மடிக்கப் போய்விடுவேன். தோற்றுப்போனேன் என்று அவரிடம் சொல்லப் பிடிக்காமல்தான் திரும்ப எடுத்தேன். நடுவில் ஓரிடத்தில், கதை நடக்கிற வீட்டின் பெரியவர் செத்துப்போகிறார். யாரும் அழவில்லை. மருமகள் மட்டும் அடுப்புச் சாம்பலை அள்ளிக்கொண்டு போய் வாசலில் கொட்டிவிட்டு, வெறும் தட்டோடு பனியில் நிற்கிறாள். அவ்வளவுதான் எழுதியிருந்தது. அந்தப் பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். என் தொடர்கதைக்காரர்கள் யாரும் என்னை இப்படித் தனியாக நிறுத்தியதில்லை. எப்போது அழ வேண்டும் என்று அவர்களே சொல்லிவிடுவார்கள்.

இவர் பக்கத்திலிருந்து சத்தமே இல்லை. புத்தகத்தைப் பட்டறைக்கும் கொண்டு போனார். ஒரு சாயங்காலம் நான் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தபோது சமையலறை வாசலில் வந்து நின்றார். பைண்டு புத்தகத்துக்குள் ஒரு விரல் இருந்தது.

“நடுவுல ஒரு வாரத்தையே காணோமே. போன வாரம் மாமியார் ஊட்டுல இருந்தவ, இந்த வாரம் ஆஸ்டல்ல இருக்கா. எப்படிப் போனா?”

அந்த வாரத்து இதழை எதிர்வீட்டு அக்கா இரவல் வாங்கிப்போய், பின்பக்கத்தில் போட்டிருந்த கோலத்துக்காகத் தொடர் வந்த தாளைக் கிழித்து எடுத்துக்கொண்டுவிட்டார். நான் அதற்கு முன்பே படித்துவிட்டதால் கதை தெரியும்.

“பாத்திரத்தையெல்லாம் கழுவிக் கவுத்து வெச்சாளுங்க” என்று பீன்ஸைப் பார்த்தபடியே சொன்னேன். “சிலிண்டரை மூடினா. சாவியைப் பக்கத்து ஊட்டுல குடுத்தா. அவங்க எப்ப வருவேன்னு கேட்டாங்க. பஸ் வந்துரும்னு சொல்லிப்போட்டு நடந்துட்டா. கண்டக்டர் எங்க போகோணும்னு கேட்டப்பத்தான், எங்கேன்னு யோசிச்சா. கடைசி ஸ்டாப்புக்கு டிக்கெட் வாங்கினா. அவ்வளவுதானுங்க.”

அவர் விரலை எடுத்துவிட்டு, அடுத்த பக்கத்தைப் புரட்டிக்கொண்டே போனார்.

மாதக் கடைசியில் மறுபடியும் இரண்டு நாற்காலி. இவர் தாளில் குறித்துக்கொண்டு வந்திருந்தார். தொடர்கதையை நார்நாராகக் கிழித்தார். தேவையில்லாத கண்ணீர், நம்பவே முடியாத மாமியார், வாராவாரம் இழுப்பதற்காகவே செய்த திருப்பங்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு அடித்தேன். வலித்தது, பொய் சொல்வானேன். பாதி குற்றச்சாட்டு நியாயமாகவும் இருந்தது, அதுதான் கூடுதல் எரிச்சல்.

பிறகு குரலைத் தணித்துக்கொண்டு சொன்னார். “ஆனால் ஒரே ஒரு அத்தியாயம் மட்டும் எந்த நாட்டு எழுத்தாளனுக்கும் பெருமை சேர்க்கக் கூடியது. அவள் வீட்டை விட்டுப் போகிற அத்தியாயம். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. கண்டக்டர் கேட்ட பிறகுதான் எங்கே போகிறோம் என்று யோசிக்கிறாள்.”

என் விரல்கள் கீபோர்டின் மேலேயே நின்றன. இதழில் வந்த அந்த வாரத்தில் அவள் கட்டிலில் விழுந்து அழுவாள், சாமி படத்துக்கு முன்னால் அழுவாள், ஆட்டோவில் ஏறியும் அழுவாள். பஸ் கிடையாது, கண்டக்டரும் கிடையாது. அன்றைக்குச் சமையலறையில் என்னை அறியாமலேயே நான் மாற்றிச் சொல்லியிருந்தேன். அந்தச் சாம்பல் தட்டோடு நின்றவள் மனதில் இருந்திருக்க வேண்டும். இவருக்கோ, தான் அதைப் படிக்கவில்லை, கேட்டோம் என்பதே மறந்துபோயிருந்தது.

“அடி அம்மணி, நேரமாகுது.”

அடித்தேன். நடந்ததைச் சொல்லவில்லை. உள்ளே ஒரு சந்தோஷம் பொங்கிக்கொண்டு வந்தது. கூடவே, சொன்னால் எங்கே பாராட்டைத் திருப்பி வாங்கிக்கொள்வாரோ என்ற சந்தேகமும் இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மின்னஞ்சல் பெட்டி நிறைய பதில்கள் வந்திருந்தன. டாக்டரம்மா உட்பட எல்லோரும் ஒன்றைத்தான் கேட்டிருந்தார்கள். அந்த ஒரு அத்தியாயத்தை மட்டும் அடித்து அனுப்ப முடியுமா? இவர் விடுவிடுவென்று வீட்டுக்குப் போய் பைண்டு புத்தகத்தோடு வந்தார். நாற்காலியில் உட்கார்ந்து முன்னும் பின்னும் புரட்டினார். ஒரு பக்கத்தில் கை நின்றது. அடுத்த பக்கம் ஆஸ்டல். மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

“அது நீ சொன்னதா?”

“ஆமாங்க.”

“கதையில அப்படித்தான் இருந்துச்சா?”

“இல்லீங்க. கதையில ரொம்ப அழுவா.”

பைண்டு புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டார். கிண்டல் வரப் போகிறது என்று நான் காத்திருந்தேன். அவர் கீபோர்டை என் பக்கம் நன்றாகத் தள்ளிவைத்தார்.

“நான் ஒண்ணும் சொல்லப் போறதில்ல. நீயே அடி அம்மணி. கீழ உன்ற பேரைப் போடு.”

அடித்தேன். பாத்திரம், சிலிண்டர், சாவி, பஸ், கண்டக்டர் எல்லாம் அன்றைக்குச் சமையலறையில் அவர் கேட்ட மாதிரியே வந்தன. டிக்கெட்டை வாங்கிய பிறகு ஒரு வரியை நானாகச் சேர்த்தேன். ஜன்னல் பக்கம் திரும்பி அவள் கொஞ்சம் அழுதாள். இவர் அதைப் படித்துவிட்டு வாயைத் திறந்தார், பிறகு மூடிக்கொண்டார். அந்த வரி அங்கேயே இருக்கட்டும் என்று என் பெயரை அடித்து அனுப்பினேன். அழுகிற கதைதான் எனக்கு இன்றைக்கும் பிடிக்கும்.