வரி கட்டியே தீருவேன்

வரி கட்டாமல் தப்பிக்க வழி தேடாத மனுஷன் மிசூரி மாநிலத்தில் ஒருத்தர் உண்டென்றால் அது வெர்லன் ஹாச்செட்தான். இடுப்பு ஆபரேஷனுக்குப் பிறகு அந்த லாரிக்காரர் சரக்கு ஏற்றுவதே இல்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கும், மற்ற நாளில் நெடுஞ்சாலையோர லாரிக்காரர் கடைக்குக் காப்பி குடிக்கவும் மட்டும் லாரியை எடுப்பார். வீடு அளவு வண்டியில் காப்பி குடிக்கப் போகிற ஆளை யாரும் கிண்டல் செய்யவில்லை. அந்த ஊரில் அது மரியாதை.

கடையில் குளியலறைகளுக்குப் பக்கத்துச் சின்ன அறையில் உட்கார்ந்து லாரிக்காரர்களுக்குச் சாலை வரி தாக்கல் செய்து கொடுக்கிறவள் ஒனீட்டா. ஒவ்வொரு ஆகஸ்டிலும் அவள் தலையில் அடித்துக்கொள்வாள்.

“அண்ணே, வருஷத்துக்கு ஐயாயிரம் மைலைத் தாண்டாத வண்டிக்கு சர்க்கார் வரியே கேக்கல. இந்தக் கட்டத்துல ஒரு டிக் போட்டாப் போதும்.”

“டிக் போட்டா நான் செத்துட்டேன்னு அர்த்தம். முழு வரியும் போடும்மா.”

காரணம், கடையின் மூலை மேஜை. அதில் டிரைவர்கள் மட்டும்தான் உட்காரலாம். செப்டம்பர் பிறந்ததும் ஆளாளுக்கு முத்திரை குத்திய வரிச் சீட்டைக் காப்பிக்குப் பக்கத்தில் விரித்து வைக்க வேண்டும். முழு வரி கட்டாதவனுக்குப் பலகாரப் பெட்டி ஓரத்து ஸ்டூல்தான், சுற்றுலாக்காரர்களோடு. இந்தச் சட்டத்தைப் போட்டவரே வெர்லன். லாரியில் பொண்டாட்டியை ஏற்றுகிறவன் டிரைவரே இல்லை என்று இன்னொரு சட்டமும் போட்டிருந்தார். மேஜைக்காரர்கள் இரண்டையும் வேதமாகவே எடுத்துக்கொண்டார்கள்.

முதலில் மாட்டியவர் டெல்மர். வெர்லனோடு ஒன்றாக லாரி ஓட்டக் கற்றவர். மனைவி லவேடா செத்த வருஷம் வண்டியை நிறுத்திவிட்டு, யோக்கியமாக டிக் போட்டார். வெர்லன் அந்தச் சீட்டை உரக்கப் படித்தார். மேஜையே சிரித்தது. டெல்மர் கோப்பையை எடுத்துக்கொண்டு ஸ்டூலுக்குப் போனார்.

இந்த ஆகஸ்டில் வெர்லன் காய்ச்சலில் படுத்துவிட, மனைவி நேடீன் ஒனீட்டாவிடம் போனாள். டிக் போட்டாள். மிச்சமான பணத்தில் ஒழுகுகிற அடுக்களைக் கூரையைச் சரிசெய்தாள்.

“என் மானத்தை வாங்கிட்டியேடி!”

“மானம் ஒழுகல. கூரைதான் ஒழுகிச்சு.”

வெர்லன் ஒனீட்டாவிடம் ஓடினார். “இதை மாத்த வழியே இல்லியா?”

“ஐயாயிரம் மைலைத் தாண்டினா வரி கட்டியே ஆகணும்ணே. தாண்டினாத்தானே!”

வெர்லன் முகத்தில் அப்போதுதான் உயிர் வந்தது. சர்க்கார் ஆபீஸில் சீட்டைத் தாமதம் பண்ணுகிறார்கள் என்று மேஜையில் சொன்னார். சர்க்காரைத் திட்டினால் நம்பாதவன் அங்கே கிடையாது. மறுநாளே வெறும் வண்டியோடு மாவட்டத்தைச் சுற்ற ஆரம்பித்தார். சோள வயல், கோழிப் பண்ணை, மறுபடி சோள வயல். கட்டத் துடித்த வரியை டீசல் எப்போதோ விழுங்கிவிட்டது.

ஒரு காலையில் நேடீன் கைப்பையும் பொரித்த கோழியுமாக வண்டியில் ஏறி உட்கார்ந்தாள்.

“இறங்கு. பொண்டாட்டியை ஏத்தறதில்ல.”

“சும்மாதானே சுத்துற? கடல் பக்கமாச் சுத்து. கல்யாணமான நாள்லேருந்து போட்டோலயே கடலைக் காட்டிக்கிட்டிருக்க.”

மறுக்க அவரிடம் சரக்கும் இல்லை, சாக்கும் இல்லை. ஓரிகன் கடற்கரை வரை போய்த் திரும்பினார்கள். மைல் கணக்கு ஐயாயிரத்தைத் தாண்டிய இடத்தில் வெர்லன் ஹாரன் அடித்தார். நேடீன் தூங்கிக்கொண்டிருந்தாள்.

வரியைக் கட்டி, புதுச் சீட்டை மூலை மேஜையில் மாப்பிள்ளை மிடுக்கோடு விரித்து, ஓரிகன் வரை ஓட்டி வந்ததைச் சொன்னார்.

“அடேங்கப்பா, ஓரிகனா! லோடு என்ன?” என்றான் பாய்ட், மேஜையின் வாயாடி.

வெர்லனுக்கு இந்த முறை பொய் வரவில்லை. “நேடீன்.”

மேஜை குலுங்கியது. “பொண்டாட்டி லோடாய்யா? அது டூர்! டூர்காரனுக்கு அதோ ஸ்டூல்! உன் சட்டம்தானப்பா!”

டெல்மருக்குச் சிரித்த அதே சிரிப்பு. வெர்லனுக்குக் காது சுட்டது. சீட்டை அங்கேயே விட்டுவிட்டுக் கோப்பையை எடுத்துக்கொண்டு நடந்தார்.

டெல்மர் பக்கத்து ஸ்டூலிலிருந்த தன் தொப்பியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

“கடலைப் பாத்து நேடீன் என்ன சொன்னா?”

“ஷூவோடயே இறங்கிட்டா. வரமாட்டேன்னு ஒரே அடம்.”

டெல்மர் சிரித்தார். பிறகு காப்பியைப் பார்த்தபடி சொன்னார்: “லவேடாவும் கேட்டுக்கிட்டேதான் இருந்தா. உன் சட்டம் இருக்கேன்னு நான் ஏத்தல.”