ஆல்டோ பாடியதற்குச் சான்று இல்லை

தஞ்சாவூரில் ஆண்டுதோறும் நடக்கும் சேர்ந்திசை விழாவுக்கு இணையக் கலைக்களஞ்சியத்தில் ஒரு பக்கம் இருக்கிறது. டெல்டாவின் தேவாலயப் பாடகர் குழுக்கள் கூடி, நான்கு குரலில் பாடும் விழா அது. அரங்கத்தின் கூரையைப் பற்றி மட்டும் அங்கே இரண்டு பத்தி. அங்குள்ள ஆர்கன் வாத்தியம் எந்த நாட்டிலிருந்து வந்தது என்பதுகூட உண்டு. பாடியவர்கள் என்று பார்த்தால் நகரத்துச் சபைகள்தான். திருவையாற்றுப் பக்கத்திலிருந்து பல வருடம் போய்ப் பாடிய எங்கள் தெருப் பெண்களைக் காணோம்.

அவர்களில் என் அம்மாவும் ஒருத்தி. மெட்டுக்குக் கீழே தனியாகப் போகிற ஆல்டோ குரல் அவளுடையது. பயிற்சியெல்லாம் நடவு வயலில்தான். மெட்டுப் பாடுகிறவர்கள் ஒரு வரப்போரம், ஆல்டோக்காரிகள் எதிர் வரப்போரம் நின்று நடுவார்கள். பக்கத்தில் நின்றால் மெட்டு காதைப் பிடித்து இழுத்துவிடும் என்பாள். அந்தக் குழுவில் இன்று மிஞ்சியிருப்பது அம்மாவும் இன்னொருத்தியும்தான். அவர்கள் இருக்கும்போதே அந்தப் பக்கத்தில் ஊர்ப்பெயர் ஏறிவிட வேண்டும் என்று எனக்கு வெறியே வந்துவிட்டது.

எழுதிச் சேர்த்தேன். மறுநாளே அங்குள்ள தொகுப்பாளர் ஒருவர் நீக்கிவிட்டார். சான்று வேண்டுமாம். பாடியது என் அம்மா, அவளையே கேட்டு எழுதினேன் என்றேன். அம்மா என்பதாலேயே ஏற்க முடியாது என்று, முகம் தெரியாத அந்தத் தொகுப்பாளர் மிக மரியாதையாகப் பதில் போட்டார். அந்த மரியாதைதான் அதிகம் எரிச்சலூட்டியது. பத்திரிகையில் வந்திருந்தால் சொல்லுங்கள் என்றார்.

வரவைத்தால் போயிற்று என்று தெரிந்த நிருபர் ஒருவரை வீட்டுக்கு அழைத்து வந்தேன். அம்மா பட்டுப்புடவை கட்டி உட்கார்ந்தாள். நெடுநேரம் பேசினாள், ஆல்டோவைத் தனியாகப் பாடிக் காட்டினாள். தனியாகக் கேட்டால் அது பாட்டாகவே தெரியாது. நிருபர் தலையாட்டிக்கொண்டு கைப்பேசியைப் பார்த்தார். காப்பி குடிக்கும்போது அம்மா பேச்சுவாக்கில் சொன்னாள்: "விழா அன்னிக்குச் சமையலும் நாங்கதாங்க. சோறு வடிச்சு எறக்கிட்டு, கையக் கழுவிட்டு ஓடிப்போயி மேடையில நிப்போம்." அப்போதுதான் அவர் குறிப்பெடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை கட்டுரை வந்தது. இசை விழாவுக்கு விருந்து சமைத்த நடவுப் பெண்கள் என்று தலைப்பு. பாட்டைப் பற்றி ஒரு சொல் இல்லை. நான் ஒன்றும் செய்யாமலே, அந்தத் தொகுப்பாளர் அதைக் கலைக்களஞ்சியத்தில் சேர்த்துவிட்டார். எங்கள் ஊர்ப் பெண்கள் விழா விருந்தைச் சமைத்தார்கள் என்று ஒரு வரி. பக்கத்தில் சான்று எண்.

அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன்.

"பாடுனது?"

"அது வரலம்மா."

"தின்னது ஞாபகம் இருக்கு, கேட்டது மறந்துபோச்சு போல," என்றாள்.

அந்த வரியை அழிக்கத்தான் உட்கார்ந்தேன். எப்படி அழிப்பது? பொய்யில்லையே. அதை எடுத்துவிட்டால் எங்கள் ஊர்ப்பெயர் அந்தப் பக்கத்தில் வேறெங்கும் கிடையாது. விட்டுவிட்டேன்.