மீமிசல் மோடமும் ஏழு நிமிட அவகாசமும்

1. வந்த புகார்

மீமிசல் தொலைபேசி நிலையத்தில் நான் பொறியாளராக இருந்தபோது, ஒரு திங்கட்கிழமை காலை ஜெமீலா என்ற பெண்மணி வந்தார். கையில் தொலைபேசிக் கருவி இருந்தது. கம்பியோடு பிடுங்கி, துணிப்பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தார்.

"இத நீங்களே வச்சுக்கங்க சார். இல்லாட்டி எம்மக வச்சிருக்கிற அந்தப் பொட்டிக்கு லைன் போகாம பண்ணுங்க. ரெண்டுல ஒண்ணு."

அவருடைய கணவர் வளைகுடாவில், பாலைவனத்துக்குள் ஒரு கட்டுமான முகாமில் இருந்தார். வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகைக்குப் பிறகு முகாம் வண்டி தொழிலாளர்களை நகரத்துக்குக் கூட்டிச் செல்லும். அங்கே பூத்தில் வரிசையில் நின்று பேச வேண்டும். வண்டி எந்நேரம் கிளம்பும் என்று அவருக்கே தெரியாது. எங்கேஜ் என்றால் வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும். அதற்குள் வண்டி திரும்பிவிடும். மூன்று வெள்ளிக்கிழமைகளாக அவருக்கு எங்கேஜ் மட்டுமே கிடைத்தது. விடுப்பில் ஊர் வந்த ஒருவரிடம், வீட்டில் என்னதான் நடக்கிறது என்று கேட்டு விட்டிருந்தார்.

மகள் சபீரா பட்டதாரி. மருத்துவர்கள் பேசிப் பதிவு செய்த ஒலிக்கோப்புகளை டயல்-அப் வழியாக இறக்கி, தட்டச்சு செய்து, சென்னையிலுள்ள ஒரு நிறுவனத்துக்கு அனுப்புவது அவள் புதிதாகச் சேர்ந்திருந்த வேலை. வெள்ளிக்கிழமை பிற்பகலில்தான் கோப்புகள் அதிகம் வரும். அவள் இணையத்தில் இருந்தால் தொலைபேசி எங்கேஜ். தெருவில் இரண்டாவது இணைப்புக்குக் கேபிளில் இடமில்லை. கைபேசிக் கோபுரம் அந்தக் கடற்கரைக்கு இன்னும் வந்திருக்கவில்லை.

"அது கத்துற கத்துல கோழி முட்டை போட மாட்டேங்குது சார்," என்றார் ஜெமீலா.

கணினியைத் தொலைபேசிக் கம்பியோடு சேர்க்கும் மோடம், இணைவதற்கு முன் எழுப்பும் ஓசையைச் சொன்னார். இரண்டு கருவிகள் தொலைவிலிருந்து ஒன்றையொன்று விசாரித்துக்கொள்ளும் ஓசை அது. இன்றும் பிற்பகல் உறக்கத்தின் விளிம்பில் அது எனக்குக் கேட்பதுண்டு. விழித்தால் மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருக்கும்.

2. பழைய கணினி, புதிய வசதி

அப்போது வி.92 என்ற தரம் புதிதாக வந்திருந்தது. அதில் மோடம்-ஆன்-ஹோல்டு என்றொரு வசதி உண்டு. இணையத்தில் இருக்கும்போதே அழைப்பு வந்தால் திரையில் தெரியும். இணைப்பை நிறுத்திவைத்துவிட்டுப் பேசலாம். பேசி முடித்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். இதற்கு மூன்று தேவைகள். மோடம் அந்தத் தரத்தில் இருக்க வேண்டும். மறுமுனையிலுள்ள சர்வர் அதை ஏற்க வேண்டும். பேச்சின் நடுவே வேறு அழைப்பு வருவதை ஒலியால் தெரிவிக்கும் கால் வெயிட்டிங் இணைப்பில் இயங்க வேண்டும்.

சபீராவின் கணினி, உறவினர் ஒருவர் பயன்படுத்திவிட்டுக் கொடுத்த பழையது. மோடம் வெளியில் வைக்கும் வகை, வரிசையாகச் சிவப்பு விளக்குகள் கொண்டது, பழைய வி.90 தரம். ஆனால் அதைச் செய்தவர்கள் அதன் உள்மென்பொருளான ஃபர்ம்வேரைப் புதிதாக வெளியிட்டிருந்தார்கள். அதை மோடத்தினுள் எழுதும் சில நிமிடங்களில் மின்சாரம் போனால் மோடம் வெறும் பெட்டியாகிவிடும். எங்கள் லைன்மேன் அந்தோணிசாமி மின்வாரிய அலுவலகத்துக்குப் போய், பதினொரு மணி முதல் பதினொன்றரை வரை யாரும் எதிலும் கை வைக்கக் கூடாது என்று கேட்டுக்கொண்டு வந்தார். மின்சாரம் போகவில்லை. புதிய மென்பொருள் ஏறியது. திருச்சியிலிருந்த சர்வரும் வி.92-ஐ ஏற்றது. கால் வெயிட்டிங் ஏனோ அணைந்திருந்தது; நிலையத்திலிருந்து நானே அதை மறுபடி இயக்கிவிட்டுத்தான் அவர்கள் வீட்டுக்கு வந்திருந்தேன்.

சோதிக்க ஓர் அழைப்பு வேண்டும். அறந்தாங்கியில் இருந்த என் மனைவி மரகதத்திடம் பன்னிரண்டு மணிக்கு இந்த எண்ணுக்குக் கூப்பிடச் சொல்லியிருந்தேன். பன்னிரண்டு கடந்தது. திரையில் ஒன்றும் தெரியவில்லை. இணைப்பைத் துண்டித்ததும் தொலைபேசி அடித்தது.

"எங்கேஜ் எங்கேஜ்னே வருதுங்க. எத்தனை தடவை சுத்துறது?" என்றாள் மரகதம்.

டயலிங் அமைப்பைத் திறந்து பார்த்தேன். இணையத்துக்கு டயல் செய்யும் முன் கால் வெயிட்டிங்கை ரத்து செய்யும் குறியீட்டெண் அங்கே சேர்க்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு முறை இணையும்போதும் கணினியே அந்த வசதியை அணைத்துக்கொண்டிருந்தது.

அந்தோணிசாமி என் காதருகே குனிந்தார். "சார், இது நாம போட்டதுதான். போன வருஷம் ஒரு தாள் அடிச்சுக் குடுத்தீங்கள்ல?"

உண்மை. அழைப்பு வரும்போது எழும் சிறு ஒலி பழைய மோடங்களின் இணைப்பை அறுத்துவிடும். அந்தப் புகார்கள் பெருகியதால் இந்த எண்ணைச் சேர்க்கும்படி ஒருபக்கக் குறிப்பு எழுதிக் கொடுத்திருந்தேன். அந்தோணிசாமி மணமேல்குடி வரை வீடுவீடாகச் சென்று சேர்த்திருந்தார். இணைப்பு அறாமல் இருப்பதை மட்டுமே நான் யோசித்திருந்தேன். வெளியிலிருந்து கூப்பிடுபவர் என் கணக்கில் இல்லை.

ஜெமீலாவிடம் சொன்னேன். "மூணு வாரமும் போன் வராததுக்குக் காரணம் என் குறிப்புதாம்மா. உங்க பொண்ணு இல்ல."

"பாவி மக, அவளத்தான் ஏசிக்கிட்டே கெடந்தேன்," என்றார். பிறகு, "இருங்க, டீ போட்டு எடுத்தாரேன். சீனி கம்மியாத்தான் போடுவேன். நீங்க செஞ்ச வேலைக்கு அது போதும்."

எண்ணை நீக்கி, கால் வெயிட்டிங்கை மீண்டும் இயக்கி, இணைத்தோம். மரகதம் கூப்பிட்டாள். திரையில் சிறு பெட்டி தோன்றியது. சபீரா அதை அழுத்தினாள். தொலைபேசி அடித்தது; எடுத்தேன்.

"கெடச்சிருச்சா?"

"கெடச்சிருச்சு. வச்சிராத. நாலு நிமிஷம் ஏதாவது பேசிக்கிட்டிரு."

"என்னத்தப் பேச?"

"எதையாவது."

அவள் பேசினாள். இணைப்பை நிறுத்திவைக்க சர்வர் ஏழு நிமிட அவகாசம் கொடுத்திருந்தது. நான் திரையில் எண்கள் குறைவதையும் மோடத்தின் விளக்குகளையும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜன்னலுக்கு வெளியே கருவாட்டு வாசத்தோடு கடல்காற்று அடித்தது. அவள் குரல் அந்தக் காற்றைப் போலவே, நிற்காமல், எதையும் கேட்காமல் போய்க்கொண்டிருந்தது. ஓரிடத்தில் சிரித்தாள். நான்கு நிமிடம் ஆனதும், "போதும், வை," என்றேன்.

"இன்னும் சொல்லி முடிக்கலைங்க."

"வீட்டுக்கு வந்து கேட்டுக்கிறேன்."

இணைப்பு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. நான்கு நிமிடம், இரண்டு விநாடி என்று குறித்துக்கொண்டேன்.

3. வெள்ளிக்கிழமை

அந்த வெள்ளிக்கிழமை பிற்பகல் அவர்கள் வீட்டுக்கு மீண்டும் போனேன். தவறு என்னுடையதாக இருந்ததால் நேரில் பார்க்க விரும்பினேன். அசர் தொழுகைக்குப் பாங்கு சொல்லி முடித்த சிறிது நேரத்தில் திரையில் பெட்டி தோன்றியது. சபீரா அழுத்தினாள். ஜெமீலா எடுத்தார்.

"ஆமா, நாந்தான்… எடுக்காம எங்க போவோம்? நீங்கதான் நம்பரு மாத்தி வேற எவ வீட்டுக்கும் அடிச்சீங்களோன்னு இருந்தேன்… எல்லாம் நல்லாத்தான் இருக்கோம். நீங்க எளைச்சிட்டீங்களாமே?"

முக்கால் மணி நேரமாக ஒரு பெரிய ஒலிக்கோப்பு இறங்கிக்கொண்டிருந்தது. ஏழு நிமிடத்தைத் தாண்டினால் இணைப்பு அறும். கோப்பை முதலிலிருந்து இறக்க வேண்டும். மாலைக்குள் தட்டச்சு முடித்து அனுப்பவும் வேண்டும். ஆறாவது நிமிடம் முடிந்தபோது ஜெமீலாவுக்குச் சைகை காட்டக் கையை உயர்த்தினேன்.

சபீரா தலையசைத்தாள். "வேணாம் சார். பேசட்டும்."

"கோப்பு போயிருமேம்மா."

"மறுபடி மொதல்லேருந்து எறக்கிக்கிறேன்."

எண்கள் குறைந்து பூஜ்யமாயின. மோடத்தில் ஒரு விளக்கு அணைந்தது. ஜெமீலாவுக்கு அது தெரியாது. கணவரிடம் ஆடு குட்டி போட்ட கதையை அப்போதுதான் தொடங்கியிருந்தார். பதினேழு நிமிடம் பேசினார்கள். கடைசி இரண்டு நிமிடம் சபீராவும் பேசினாள். வைத்ததும் அவள் மறுபடி டயல் செய்தாள். கோப்பு தாமதமாகப் போய்ச் சேர்ந்தது. சென்னையிலிருந்து ஏச்சு வந்தது, வேலை நிலைத்தது.

அடுத்த வாரம் பழைய குறிப்பைத் திருத்தி எழுதினேன். அந்தோணிசாமி மறுபடியும் மணமேல்குடி வரை போய்வந்தார்.

மரகதம் காலமாகி ஐந்து மாதங்கள் ஆகின்றன. அந்தச் சோதனை அழைப்பு நடந்த நாள் இரவு வீட்டுக்குப் போய் மீதியை அவளிடம் நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அவள் போன பிறகு என் முப்பது ஆண்டுப் பணியின் குறிப்பேடுகளைப் புரட்டினேன். நான்கு நிமிடம் இரண்டு விநாடி என்ற பதிவு இருக்கிறது. அவள் என்ன சொன்னாள் என்பது இல்லை, எனக்கும் நினைவில்லை.

இத்துறைக்குப் புதிதாக வருபவர்களுக்கு நான் சொல்ல இருப்பது ஒன்றுதான். இணைப்பைச் சோதிக்க ஒருவரைப் பேசச் சொன்னால், சோதனை முடிந்த பின்னும் அவர் பேசி முடிக்கும்வரை கேளுங்கள்.