ஷா அத்தை தெருவைக் கடக்கும் இடம்

பதினோராம் எண் கடைக்கு மூன்று கடை முன்பாகவே ஷா அத்தை எதிர்ச்சாரிக்குப் போய்விடுவாள். நான் மூன்றாம் வகுப்பு படித்த நாளிலிருந்து பார்த்திருக்கிறேன். எதிர்ச்சாரி முழுக்கச் சேறாகக் கிடந்தாலும், பனி உறைந்து கால் வழுக்கினாலும் அந்த இடத்தில்தான் கடப்பாள். கடையைத் தாண்டியதும் திரும்ப இந்தப் பக்கம் வருவாள். தலையைத் திருப்ப மாட்டாள். சின்ன வயதில் அந்தக் கடை வாசலில் நாய் கட்டியிருக்கிறார்கள் போல என்று நினைத்தேன். முஸ்லிம்கள் வாழும் எங்கள் பேட்டையில் யாரும் நாய் வளர்ப்பதில்லை என்பதுகூட அப்போது தோன்றவில்லை.

பின்னாளில் அவள் தனியாகக் கடப்பதில்லை. கையில் ஒரு பச்சைக் கொடி, பின்னால் பதினைந்து இருபது பேர். வாத்துக் குஞ்சுகள் மாதிரி மொத்தக் கூட்டமும் அவளோடு தெருவைக் கடந்து, திரும்பவும் கடந்து வரும். பேட்டைக்குள் நுழையும் முரசுக் கோபுர வளைவில் ஆட்களைச் சேர்த்துக்கொண்டு, புளிப்புப் பிளம் சாறில் தொடங்கி, ஆட்டுக் கறிக் குச்சி, மிளகுச் சாறு, எண்ணெயில் பொரித்த சீமைப்பனிச்சைப் பழ அப்பம் என்று தின்னவைத்துக்கொண்டே போய், பள்ளிவாசல் சுவரோரம் என் அப்பாவின் ஆவியில் வெந்த அரிசிக் கேக் வண்டியில் முடிப்பாள். சீனத்தின் ஷி'ஆன் நகரத்துக்கு வருகிறவர்கள் எங்கள் தெருவைத் தின்று பார்க்க அவளோடுதான் நடந்தார்கள்.

அவள் அப்பாவுக்கு ஒன்றுவிட்ட அக்கா. முழுப் பெயர் ஷா யுலியென். பிள்ளை இல்லை. பதினோராம் எண் ஒரு காலத்தில் அவளுடைய கடை. அவள் புருஷன் ஜியா வென்ஹாயும் அவர் தம்பி வென்ஷானும் சேர்ந்து நடத்திய ஆட்டுச் சூப்புக் கடை. வென்ஹாய் மாமா நுரையீரல் நோயில் இறந்தார். நாற்பதாம் நாள் துஆ முடிந்து நாலைந்து நாள்கூட ஆகவில்லை. வென்ஷான் கறிக்கடை வாசலில் நின்று, வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்து ஆட்கள் கூடியிருந்த நேரத்தில், ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்:

"எங்க அண்ணி வெளியில கறி வாங்குறா."

வெளியில் என்றால் வளைவுக்கு அந்தப் பக்கம். நம் ஆட்கள் அறுக்காத கறி. யாரும் எந்தக் கடையில் என்று கேட்கவில்லை, எப்போது என்று கேட்கவில்லை. எங்கள் மக்கள் செய்கிற தவறு இது. மற்ற எல்லாவற்றுக்கும் சாட்சி கேட்பார்கள்; இந்த ஒன்றில் மட்டும் சந்தேகம் வந்தாலே தீர்ப்பு வந்த மாதிரி. அன்று சாயங்காலத்துக்குள் அத்தையின் கை ஹராம் கை, விலக்கப்பட்ட கை ஆகிவிட்டது. அடுத்த பெருநாளைக்கு அவள் பொரித்து அனுப்பிய எண்ணெய் ரொட்டித் தட்டுகள், மூடியிருந்த துணிகூட விலகாமல் திரும்பி வந்தன. எங்கள் வீட்டிலிருந்தும் ஒன்று திரும்பிப் போனது. கொண்டுபோய்க் கொடுத்தவள் நான்தான்.

கடை வென்ஷானுக்குப் போயிற்று. இந்தத் தெருவில் இனி ஒரு வாய் சோறு விற்க முடியாது என்று தெரிந்ததும் அத்தை கொடியைக் கையில் எடுத்தாள். அவள் கை பட்டதைத் தின்னாதவர்கள் அவள் கூட்டம் வருகிறதா என்று கழுத்தை நீட்டிப் பார்க்க ஆரம்பித்தார்கள். சீமைப்பனிச்சை அப்பம் போடும் மி அக்காவிடம் அத்தை வாரத்துக்கு ஒரு தடவையாவது கேட்பாள்:

"என் கை தொட்டது வேணாம், என் கை காட்டுற ஆளு மட்டும் வேணுமாடி?"

"நீ காட்டுற ஆளு வெலை கேக்காம திங்குறான், அதான் வேணும்," என்பாள் மி அக்கா. இரண்டு பேரும் சிரிப்பார்கள். அத்தையின் சிரிப்பு முதலில் நின்றுவிடும்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். படிப்பு முடிந்து திரும்பியபோது வேலை இல்லை. அத்தையின் நடைக்கு ஆள் பதிவு செய்வது, தெருக்கடைகளைப் பற்றிப் போனில் அறிமுகம் எழுதிப் போடுவது எல்லாம் என் வேலையாயிற்று. முதல் நாளே அத்தை என் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னாள்:

"எழுது ஜிங்யா. பதினோராம் நம்பர்ல நேத்து எலும்புல இன்னைக்குத் தண்ணி ஊத்துறாங்க. தின்ன ரெண்டு பேரு ஆஸ்பத்திரிக்குப் போனாங்க."

"நெஜமாவா அத்தை? யாரு போனா?"

"உனக்குப் பேரு வேணுமா? அவன் சொன்னப்ப யாராச்சும் என்கிட்ட கறிக்கடைப் பேரு கேட்டாங்களா?"

எழுதினேன். அவள் சொன்னதை அப்படியே எழுதவில்லை; மெருகேற்றி எழுதினேன். "உங்கள் நலனை முன்னிட்டு" என்று தொடங்கினேன். நாலு வருஷப் படிப்பில் நான் எழுதிய எதையும் பேராசிரியரைத் தவிர யாரும் வாசித்ததில்லை. இதை ஆயிரக்கணக்கானவர்கள் வாசித்தார்கள், நம்பினார்கள், நாலு பேருக்கு அனுப்பினார்கள். ஆறு மாதத்தில் பதினோராம் எண்ணின் மேசைகள் காலியாயின. எதிர்ச்சாரியிலிருந்து நானும் அத்தையோடு நின்று பார்த்தேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. திரும்பி வந்த அந்தத் தட்டு ஞாபகத்தில் இருந்ததாலா, நான் எழுதினால் நடக்கிறது என்பதாலா என்று இன்னும் என்னால் பிரிக்க முடியவில்லை.

வென்ஷானின் மகன் லெய் ஒரு நாள் அத்தை வீட்டுப் படியில் வந்து நின்றான்.

"பெரியம்மா, ஒரு நாளைக்கு முப்பது கிண்ணம்கூடப் போகல. உங்க கூட்டத்த ஒரே ஒரு தடவ கூட்டிட்டு வாங்க."

"உங்கப்பன வந்து கேக்கச் சொல்லு."

"அவரு சமையக்கட்ட விட்டு வெளிய வரதில்ல. ஆளுங்க மொகத்தப் பாக்கவே கூசுறாரு."

"வருவான். நான் வரவைக்கிறேன்."

மறுநாள் அத்தை தெருவைக் கடக்கவில்லை. பின்னால் வந்த பதின்மூன்று பேரோடு நேரே பதினோராம் எண்ணுக்குள் ஏறினாள். தெருவே வேலையை நிறுத்திப் பார்த்தது. எல்லோருக்கும் கிண்ணமும் கெட்டி ரொட்டியும் வந்தன. எங்கள் சூப்புக்கு ரொட்டியைத் தின்கிறவர்தான் பிய்த்துப் போட வேண்டும். பிய்த்த கிண்ணத்தில் எண் வில்லை மாட்டி உள்ளே போகும். சமைத்து அதே ஆளிடம் திரும்பி வரும். உள்ளே இருப்பவர் ஆளைப் பார்ப்பதில்லை, துண்டைப் பார்ப்பார். விரல் கணு அளவில் துண்டு இருந்தால் வெளியூர் ஆள், சட்டென்று கொதிக்க வைத்து அனுப்பிவிடுவார். தேனீயின் தலை அளவில் இருந்தால் ருசி தெரிந்த உள்ளூர் ஆள், சட்டியைக் கழுவிவிட்டுப் புதிதாகத் தொடங்குவார்.

"இதப் பிச்சு முடிக்கிறதுக்குள்ள எனக்கு அடுத்த வேளை பசியே வந்துரும்மா," என்றார் ஷான்டோங்கிலிருந்து வந்த பருத்த மனிதர்.

"வரட்டும். பசியோட தின்னாத்தான் இதுக்கு மரியாதை."

அத்தை பேசிக்கொண்டே நகத்தால் கிள்ளிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு துண்டும் ஒரே அளவு. பதினான்கு வருஷமாக அவள் எங்கேயுமே ரொட்டி பிய்த்து நான் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. முக்கால் மணி நேரம் ஆனது. ஏழாம் எண் வில்லையை மாட்டி, தன் கிண்ணத்தை மட்டும் லெய்யிடம் முதலில் கொடுத்தாள்.

உள்ளே கரண்டிச் சத்தம் நின்றது. தடுப்புத் துணியை விலக்கிக்கொண்டு வென்ஷான் வந்தார். வெள்ளைத் தொப்பி, நீராவியில் வெளுத்துப்போன முகம். இரண்டு கையாலும் கிண்ணத்தைப் பிடித்திருந்தார்.

"ஏழாம் நம்பர் யாரு?"

"தெரியாத மாதிரி கேக்குற."

"தெரியும் அண்ணி. எங்க அண்ணனுக்கு அப்புறம் இப்படிக் கிள்ளுற கை ஒண்ணுதான் இருக்கு. இதப் பாத்துட்டு, யாருன்னு பாக்காம அடுப்புல கை வைக்க முடியல."

"அந்தக் கையத்தான் ஹராம்னு சொன்ன."

அவர் கிண்ணத்தைப் பார்த்தார். "சொன்னேன். பொய்தான். இங்கயே சொல்றேன், தப்புதான் அண்ணி."

"இவங்க ஷான்டோங்காரங்க. இவங்களுக்கு என்ன தெரியும்? சொன்ன எடத்துல சொல்லு. ஜும்ஆ முடிஞ்சு, கறிக்கடை வாசல்ல."

"நீங்க சொன்னது? ஆஸ்பத்திரிக்குப் போன அந்த ரெண்டு பேரு யாரு அண்ணி?" அவர் என்னைத்தான் பார்த்தார். நான் மேசையைப் பார்த்தேன்.

"உன்னோடத நீ முதல்ல சொல்லு. என்னோடத நான் அதே எடத்துல அப்புறம் சொல்றேன்."

"சத்தியமா?"

"வார்த்தைக்கு வார்த்தை."

"அப்ப இதச் சமைச்சுக் கொண்டு வரட்டா?"

"வேணாம். என் ரொட்டிய அப்படியே குடு."

பிய்த்த ரொட்டியைச் சமைக்காமல் திருப்பி வாங்கி எங்கள் பேட்டையில் யாரும் பார்த்ததில்லை. அத்தை துண்டுகளைக் கைக்குட்டையில் கொட்டி முடிந்துகொண்டு எழுந்தாள். "எல்லாரும் வாங்க, அடுத்த கடையில சாப்பிடலாம்."

"என்னோடத மட்டுமாச்சும் சமைக்கச் சொல்லுங்கம்மா, வெரல் வலிக்குது," என்றார் ஷான்டோங்காரர். அவரும் வரவேண்டியதாயிற்று. பிய்த்துவைத்த பதின்மூன்று கிண்ணங்கள் மேசைகளில் அப்படியே இருந்தன.

அந்த வெள்ளிக்கிழமை வென்ஷான் சொன்னார். மி அக்கா கடையின் வாசலில் நின்று நான் கேட்டேன். "எங்க அண்ணி ஷா யுலியென் ஒரு நாளும் வெளியில கறி வாங்கினதில்ல. கடை எனக்கு வேணும்னு பொய் சொன்னேன்." கறிக்கடைக்காரரின் கத்தி கட்டையிலேயே நின்றது. யாரோ அவர் மேல் துப்பினார்கள். வென்ஷான் அதைத் துடைத்துக்கொள்ளவில்லை. சுற்றிலும் பார்த்தார். அத்தையைத் தேடினார். அத்தை அங்கே வரவில்லை.

அன்றே நான் போனில் இருந்த வரியை அழித்தேன். எழுதியதை ஊரே படித்திருந்தது. அழித்ததை யார் படிப்பார்கள்?

"அத்தை, நாளைக்கு வெள்ளிக்கெழம. நீங்களும் சொல்லிடலாம்ல?" என்று அடுத்த வாரம் வியாழக்கிழமை கேட்டேன்.

"நாள் இருக்கு."

"சத்தியம் பண்ணீங்களே."

"அப்புறம்னு சொன்னேன். என்னைக்குன்னு சொன்னேனா? பதினாலு வருஷம் நான் நின்னேன். அவன் நிக்கட்டும்."

அவர் நின்றார். வெள்ளிக்கிழமைதோறும் தொழுகை முடிந்து கறிக்கடை வாசலில், எதுவும் வாங்காமல். அத்தை கொடியோடு அந்த வழியே போவாள், கறிக்கடைக்காரருக்கு சலாம் சொல்வாள், போய்விடுவாள். பெருநாளைக்கு அவள் அனுப்பிய தட்டுகள் இப்போது காலியாகத் திரும்பி வந்தன. எங்கள் வீட்டில் அப்பா மூன்று ரொட்டி தின்றார். பதினோராம் எண்ணில் மட்டும் யாரும் ஏறவில்லை. பொய் சொன்னவன் கடை என்பதும் இப்போது சேர்ந்துகொண்டது. குளிர்காலத்தில் கதவு இறங்கியது. வசந்தத்தில் யாரோ அங்கே கணவாய் மீன் பொரித்து விற்க ஆரம்பித்தார்கள். அதன் பிறகும் அத்தை அந்த இடத்தில் தெருவைக் கடந்தாள்.

போன இலையுதிர்காலத்தில் அவளுக்குக் கல்லீரல் கெட்டது. நாள் எண்ணப்படுகிறது என்று தெரிந்தால் எங்களில் யாரும் செய்வதை அவளும் செய்தாள்: ஒவ்வொருவரையும் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டு வாங்கினாள். மி அக்கா அழுதாள். கறிக்கடைக்காரர் வந்தார். திருப்பி அனுப்பிய தட்டுக்காக நான் அவளிடம் கேட்டேன். "விடுடி, குட்டிப் பொண்ணு நீ அப்ப," என்றாள்.

"வென்ஷான் மாமாவக் கூப்பிடட்டுமா?"

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அங்கே ஆணியில் அந்தக் கைக்குட்டை முடிச்சு தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே துண்டுகள் கல்லாகியிருக்கும்.

"எழுதினவ நீதானே. வேணும்னா உன்கிட்ட வந்து கேக்கட்டும்."

அதற்குப் பிறகு நாலு நாள் இருந்தாள். அதைப் பற்றிப் பேசவில்லை.

அவளுடைய ஜனாஸா, இறுதித் தொழுகைக்காக, பள்ளிவாசல் முற்றத்தில் இருந்தது. பெண்கள் நாங்கள் வாசல் பக்கம் நின்றோம். தொழுகைக்கு முன் இமாம் வழக்கம்போலக் கேட்டார்: "இந்த ஜனாஸா யாருக்காவது ஏதாவது பாக்கி வெச்சிருக்கா? இருந்தா இப்ப சொல்லுங்க. இல்லாட்டி மன்னிச்சு விட்டுருங்க."

அப்பா முன்வரிசையிலிருந்து திரும்பினார். "எங்க அக்கா யாருக்கு எது குடுக்கணும்னாலும் என்கிட்ட கேளுங்க. நான் தீத்து வைக்கிறேன்."

மூன்றாவது வரிசையில் வென்ஷான் நின்றிருந்தார். கேட்பார் என்று நினைத்தேன். கேட்டால் நான் அந்த முற்றத்திலேயே, எல்லோர் முன்னாலும் சொல்லிவிடத் தயாராக இருந்தேன். அவர் மன்னித்தேன் என்றாலும் முடிந்திருக்கும். அவர் தலையைத் தூக்கி, ஆண்களின் தொப்பிகளைத் தாண்டி, வாசல் பக்கம் என்னைப் பார்த்தார். இமாம் இன்னொரு தடவை கேட்டார்.

 வென்ஷான் கேட்கவுமில்லை, விடவுமில்லை. கைகளை உயர்த்தித் தொழுகைக்குத் தக்பீர் கட்டிக்கொண்டார்.