வலது பக்கம் நான் இருந்தேன்

வளைகுடாவிலிருந்து திரும்பிய ஒருவர் தன் பெரிய ஏசி ஜீப்பை விற்பதாகச் சொன்னார். வாங்கலாமா என்று நானும் கணவரும் பாறசாலை வீட்டில் ஒரு வாரம் யோசித்தோம். பழசானாலும் சொகுசு வண்டி. குடும்பமே ஏறலாம், அவருடைய முதுகுவலிக்கும் நல்லது. ஆனால் ஸ்டீயரிங் இடது பக்கம்.

"முன்னால லாரி போனா, எதிர வாறது எனக்குத் தெரியாதே" என்று தயங்கினார்.

"வலது பக்கம் நான் உண்டுல்லா? பாத்துச் சொல்லுதேன்" என்று நான்தான் சொன்னேன்.

மூன்று மாதம் அப்படியே ஓடியது. அமரவிளை அருகே ஒரு வைக்கோல் லாரியின் பின்னால் போகும்போது, அதை முந்துவதற்காக "ஏறிப் போட்டா?" என்று கேட்டார். எதிரே தூரத்தில் ஒரு பஸ். வண்டி ஓட்டியறியாத எனக்கு அதன் வேகம் புரியவில்லை.

"போங்க" என்றேன்.

பஸ் நெருங்கியதும் இடது பக்கம் ஒடித்தார். அவர் இருந்த பக்கம் லாரியில் மோதியது. எனக்குக் கையில் கீறல் மட்டும். அவர் பிழைக்கவில்லை.

அப்படிப்பட்ட வண்டி வாங்க யோசனை கேட்பவர்களிடம், வேண்டாம் என்று மட்டும் சொல்கிறேன். ரோட்டைக் கடக்கும்போது, கல்லூரியில் படிக்கும் என் மகள் "போலாமாம்மா?" என்று கேட்பாள். பதில் சொல்லாமல் அவள் பின்னால் நடக்கிறேன்.